மாரிகாலத்துக்கு முன்னே: கொள்ளைநோய் குளிர்காலத்தில் பெருகுமா?

வேத வாசிப்பு: 2 தீமோத்தேயு 4:9-21, நீதிமொழிகள் 6:6-8, எண்ணாகமம் 16:41-50



இந்த இதழின் படிப்புப் பகுதியில், சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். "ஐயா, மழையும் பனியும் வந்தால் கொள்ளைநோய் அதிகமாகுமா?" புதிய காய்ச்சலைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரி வந்தாலும் போதும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் மரக்காணம் கடற்கரையில் வாழும் ஏழை மக்களுக்கு அது உதவாது. ஆகவே சற்றுப் பொறுமையாகப் படிப்போம்.

1. பவுல் ஏன் அவசரப்பட்டார்?

ரோமாபுரியின் சிறையிலிருந்து பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு சிறிய வேண்டுகோள் இருக்கிறது. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். பிறகு, குளிர்காலம் தொடங்குமுன் எப்படியாவது வந்து சேரும்படி கேட்டுக்கொள்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் குளிர்காலம் என்ற சொல் இல்லை. மாரிகாலம் என்றே இருக்கிறது. மத்தேயு 24-ம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீஷர்களை எச்சரிக்கும் இடத்திலும் அதே சொல்தான்.

மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் குளிர்காலமே மழைக்காலம். அந்த மாதங்களில் கடலில் புயல் அடிக்கும், கப்பல் போக்குவரத்து நின்றுபோகும். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தீமோத்தேயு தாமதித்தால் பாதை அடைபட்டுவிடும். அதன்பின் மேலங்கியும் வராது, தீமோத்தேயுவும் வர முடியாது. பவுலின் அவசரத்துக்குக் காரணம் குளிர் மட்டும் அல்ல, அடைபடப்போகும் பாதையும்தான். இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

மரக்காணத்திலும் குளிர்காலம் என்பது மாரிகாலமே. மார்கழியிலும்கூட இங்கே இரவு வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து நேராக வந்து இறங்கும். உப்பளப் பாத்திகள் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். கழுவேலி ஏரி நிரம்பும். நம் பெரியவர்கள் இதை அடைமழை என்றார்கள். மக்களை வீட்டுக்குள் அடைத்துவிடும் மழை என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னாலும் இந்த ஊரில் பொருந்தும்.

2. சரித்திரம் என்ன சொல்கிறது?

முதலில் 1918-ம் ஆண்டு. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் என்ற இன்ஃபுளுயன்சா நம் தேசத்துக்குள் வந்தது. ஜூன் மாதத்தில் பம்பாயில் தொடங்கிய முதல் அலை மிதமாகவே இருந்தது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் அலை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பம்பாய், சென்னை மாகாணங்கள் வழியாக வடக்கேயும் கிழக்கேயும் பரவியது. அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் மரித்தார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. உலகில் எந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, ஜனங்கள் பசியால் மெலிந்திருந்த வேளையில்தான் அந்த நோய் வந்து விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

இங்கே கவனியுங்கள்: அக்டோபரில் பம்பாயிலோ சென்னையிலோ குளிர் கிடையாது. அதே நவம்பரில் பசிபிக் கடலில், ஆண்டு முழுவதும் வெப்பமாயிருக்கும் மேற்கு சமோவா தீவுக்கு ஆக்லாந்திலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதில் வந்த காய்ச்சலால் அத்தீவு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டுபோனார்கள். பக்கத்திலுள்ள அமெரிக்க சமோவா தீவு, வந்த கப்பல்களை நிறுத்திவைத்தது. அங்கே ஒருவரும் சாகவில்லை. இரு தீவுகளுக்கும் வெயில் ஒன்றே. வெயில் காப்பாற்றவில்லை, முன்யோசனை காப்பாற்றியது.

அடுத்து 1957-ம் ஆண்டு. ஆசியக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற புதிய இன்ஃபுளுயன்சா, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அக்கினி நட்சத்திர வெயில் அதைத் தடுக்கவில்லை. சில மாதங்களில் தேசமெங்கும் பரவி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசுக் கணக்கில் பதிவானார்கள்.

இனி நாமே கண்ணால் கண்ட கொரோனா. தமிழ்நாட்டில் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டார். முதல் அலை ஜூலை கடைசியில் உச்சத்தை அடைந்தது. அப்போது மாநிலத்தில் நாளொன்றுக்கு சுமார் 7,000 பேர். அதன்பின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் ஏறும் என்று எல்லாரும் பயந்தோம், ஏறவில்லை. கார்த்திகை, மார்கழி, தை என்று தொடர்ந்து இறங்கி, 2021 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 500-க்கும் கீழே போனது.

ஆனால் அதே குளிர்காலத்தில், 2021 ஜனவரியில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நோய் உச்சத்தில் இருந்தது. இங்கிலாந்தில் நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். குளிர் நாடுகளுக்குக் குளிர்காலம் உண்மையிலேயே கொடியதாயிருந்தது. ஆனால் அதே ஜனவரியில் பிரேசில் தேசத்தில், பூமத்திய ரேகைக்கு அருகே வெப்பமும் மழையுமாயிருக்கும் மனாவுஸ் நகரத்திலும் பிராணவாயு தீர்ந்து நோயாளிகள் திணறினார்கள்.

பிறகு நம் முறை வந்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் உறுதியானது. கத்திரி வெயிலின் நடுவில்! அடுத்து ஒமைக்ரான் அலை 2022 ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த வாரத்தில், நாளொன்றுக்கு 30,000-ஐத் தாண்டியது. பின்னர் 2023 டிசம்பரில் கேரளத்தில் தொடங்கி ஒரு சிறிய ஏற்றம், 2025 மே, ஜூன் மாதங்களில் இன்னொரு சிறிய ஏற்றம். ஆக, ஆடியில் ஒன்று, வைகாசியில் ஒன்று, தையில் ஒன்று. குளிர்காலத்தில்தான் பெருகும் என்று சொல்வதற்கும், கோடையில் வராது என்று சொல்வதற்கும் நம் மாநிலத்தில் ஆதாரம் இல்லை.

3. அப்படியானால் பருவகாலத்துக்குச் சம்பந்தமே இல்லையா?

உண்டு. ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிருமி. புதிய கிருமி, அல்லது தன் உருவை மாற்றிக்கொண்ட கிருமி, எந்த மாதத்தில் வந்தாலும் வேகமாகப் பரவும். 2021 கோடையில் வந்த டெல்டா அப்படிப்பட்டது.

இரண்டாவது, ஜனங்களின் எதிர்ப்புச் சக்தி. தமிழக அரசு நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வுகளில், 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி காணப்பட்டது. அப்படியானால் மூவரில் இருவர் பாதுகாப்பில்லாமல் இருந்தார்கள். காய்ந்த ஓலைக் குவியல் அப்படியே இருந்தது, தீப்பொறிதான் விழவில்லை. டெல்டா அலை ஓய்ந்த 2021 ஜூன், ஜூலையில் இந்த விகிதம் தலைகீழாகி, மூவரில் இருவருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை எத்தனை உயிர்கள்!

மூன்றாவது, காற்றும் கூட்டமும். இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. குளிர் நாடுகளின் வறண்ட குளிர்காற்றில் இன்ஃபுளுயன்சா கிருமி அதிக நேரம் பிழைத்திருக்கிறது. அதோடு ஜனங்களும் கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். நம் நாட்டில் அதே வேலையை மழை செய்கிறது. சாதாரண இன்ஃபுளுயன்சா காய்ச்சல் ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையிலும், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் உச்சமடைகிறது என்று இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே தேசம், ஒரே கிருமி. ஆனால் எந்தெந்த ஊரில் மக்கள் எப்போது உள்ளே அடைபடுகிறார்களோ, அந்த மாதங்களோடு காய்ச்சலும் ஒத்துவருகிறது.

ஆகவே நாம் சொல்லக்கூடிய பதில் இது. புதிதாக வரும் கொள்ளைநோய் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. ஆனால் அது பழகிப்போய் நம்மிடையே தங்கிவிட்டபின், மழைக்காலக் காய்ச்சல்களில் ஒன்றாகத் தன் பருவத்தைத் தேடிக்கொள்ளும். எந்த நிலையிலும், நோய் ஏறுகின்ற வேளையும் அடைமழையும் ஒன்றாக வந்தால், கடற்கரை ஏழைகளுக்கு அது இரட்டிப்புப் பாரம்.

4. அடைபடும் மூன்று கதவுகள்

மரக்காணத்து மாரிகாலம் மூன்று கதவுகளை அடைக்கிறது.

முதல் கதவு, வீட்டின் ஜன்னல். ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர், சாரல் அடிக்காதபடி வாசலில் தார்ப்பாய். இருமுகிற பாட்டியும் பால்குடிக்கும் பிள்ளையும் ஒரே பாயில். 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தமிழ்நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பாதுகாப்பு முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். கூட்டம் கூடாதீர்கள் என்று எட்டு மாதமாகச் சொல்லிவந்த நாம், உயிரைக் காக்க அவர்களைக் கூட்டமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் நோய் பெருகாதது தேவனுடைய கிருபை என்றே சொல்ல வேண்டும். இன்னொரு முறை அப்படி நேரும் என்று நம்பி, ஆயத்தமில்லாமல் இருப்பது விசுவாசம் ஆகாது.

இரண்டாம் கதவு, வருமானம். உப்பள வேலை தை மாதத்தில் வரப்புகளைச் சீர்செய்வதோடு தொடங்கி, கோடை முழுவதும் உப்பு வாரி, புரட்டாசியோடு முடிகிறது. மழை விழுந்ததும் வாரிய உப்பைக் குவித்துக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிடுவார்கள். அதன்பின் மூன்று நான்கு மாதங்கள் கூலி இல்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் மீனவர் குப்பங்களிலும் அதே நிலைதான். அரசு தரும் மழைக்கால உதவித்தொகை ஓரளவு தாங்கும். ஆனாலும் நோய் வந்தால் முதலில் வெட்டப்படுவது ஆஸ்பத்திரிக்கான பஸ் காசுதான். 1918-ல் பசியும் காய்ச்சலும் சேர்ந்து செய்ததை மறவாதிருப்போம்.

மூன்றாம் கதவு, பாதை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊர்கள் தண்ணீரால் துண்டிக்கப்பட்டன, மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. மின்சாரம் இல்லை. அந்த இரவில் மூச்சுத் திணறும் ஒரு நோயாளியைக் கூனிமேட்டிலிருந்தோ அனுமந்தையிலிருந்தோ எப்படிக் கொண்டுவருவது?

பவுல் பயந்ததும் இதற்குத்தான். மாரிகாலம் வந்தபின் பாதை இல்லை.

5. ஒரு தாயாரின் வார்த்தை

2020 ஐப்பசி மழையில் நம்மிடம் வந்த ஒரு தாயாரை இங்கே நினைவுகூருகிறேன். உப்பளத்தில் தலைச்சுமை சுமக்கிறவர். சர்க்கரை வியாதி உள்ளவர். காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் அவருடைய மகன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தோம்: 82. சாதாரணமாக 94-க்குக் கீழே இறங்கினாலே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

"ஏம்மா இத்தனை நாள் வரலை?" என்று நம் சிஸ்டர் கேட்டார்.

"என்னம்மா செய்யறது. அளத்துல வேலை இல்லை. ஆட்டோவுக்குக் குடுக்கக் கையில காசு இல்லை. மழை விட்டதும் வரலாம்னு இருந்தேன். காய்ச்சல்னு சொன்னா தனியாக் கொண்டுபோய் வெச்சிடுவாங்கன்னு பயமும் இருந்துச்சு" என்றார்.

கர்த்தருடைய இரக்கத்தால் அவர் பிழைத்தார். பதின்மூன்று நாட்களுக்குப்பின் வீடு திரும்பினார். ஆனால் அதே அறையில் அவரோடு படுத்திருந்த அவருடைய மாமியார், மகன் தாயாரைத் தள்ளிக்கொண்டு வந்த மறுநாளே வீட்டில் இறந்துபோனார். சைக்கிளில் ஒருவரைத்தானே கொண்டுவர முடியும்? எந்தக் குளிரும் அந்த மூதாட்டியைக் கொல்லவில்லை. அடைபட்ட மூன்று கதவுகளும் சேர்ந்து கொன்றன. இதைச் சொல்லும்போது நம் தாமதத்தையும் சேர்த்தே அறிக்கையிடுகிறேன். மழைக்கு முன் ஒருமுறை அந்தத் தெருவுக்கு நாம் போயிருக்கலாம், போகவில்லை.

இன்னொரு தவறும் உண்டு. 2021 ஜனவரியில் எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்து, குளிர்காலம் கடந்தது, ஆபத்தும் கடந்தது என்று நம்மில் பலர் எண்ணினோம். ஸ்தோத்திர ஆராதனைகள் நடந்தன. முகக்கவசங்கள் பைக்குள் போயின. ஏப்ரல் 4 அன்று ஈஸ்டர் பண்டிகையை நெருக்கியடித்துக் கொண்டாடினோம். ஸ்தோத்திரம் செய்தது தவறல்ல. காலண்டரை நம்பிக் காவலைக் கைவிட்டதுதான் தவறு. அடுத்த ஆறு வாரங்களில் எத்தனை சபைகளில் எத்தனை நாற்காலிகள் காலியாயின என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

6. எறும்பிடம் கற்றுக்கொள்வோம்

நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது. அதற்குத் தலைவனும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆனாலும் கோடையிலேயே தன் ஆகாரத்தைச் சேர்த்துவைக்கிறது. உப்பளத்து ஜனங்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்குமுன் உப்பை வாரி மூட வேண்டும், இல்லையேல் ஆண்டின் உழைப்பு கரைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஞானத்தை ஆஸ்பத்திரி ஊழியத்துக்கும் சபைக்கும் நாம் கொண்டுவர வேண்டும். ஆவணி, புரட்டாசி மாதங்களே நம் அறுவடைக்காலம்.

முதலில் தடுப்பூசி. இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட்டபின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே முதியோர், சர்க்கரை வியாதி, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையோடு செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. மழை தொடங்கியபின் யோசிப்பது தாமதம்.

அடுத்து பிராணவாயு. இங்கே ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். ஆஸ்பத்திரிகளில் உள்ள பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் பிராணவாயு இருக்கும். கடுமையாகத் திணறும் நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் ஒரு சிலிண்டர் 12 மணி நேரம்கூட வராது. புயலால் பாதை 2 நாள் அடைபட்டால், ஒரு நோயாளிக்கு மட்டும் நான்கு சிலிண்டருக்கு மேல் வேண்டும். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர் கருவி நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தில் ஓடுகிறது. புயல் முதலில் கொண்டுபோவது மின்சாரத்தைத்தான். எனவே கருவியோடு ஜெனரேட்டரும், ஜெனரேட்டரோடு டீசலும் மழைக்குமுன் சேமிக்கப்பட வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கை எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் இப்படிப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத காரியங்களுக்குத்தான்.

மூன்றாவது, காய்ச்சலைப் பற்றிய அறிவு. மழைக்காலத்தில் டெங்கு உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு, இன்ஃபுளுயன்சா உண்டு, கொரோனாவும் உண்டு. தொட்டுப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மூன்று நாளுக்குமேல் நீடிக்கும் காய்ச்சல், மூச்சுத் திணறல், உதடு நீலம் பாரித்தல், உடலில் இரத்தக் கசிவு, குழப்பமான பேச்சு இவற்றில் எது இருந்தாலும் மழை விடட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நான்காவது, காற்று. சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். இருமுகிறவரை ஜன்னலோரமாகப் படுக்கவையுங்கள். நம் சபைகளில் அட்வெந்து ஆராதனை, கீதபவனி, கிறிஸ்மஸ் மரம், புத்தாண்டு விழிப்பு ஆராதனை எல்லாம் இந்த மாதங்களில்தான் வருகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல் உள்ளவர் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம். ஆலயத்தின் கதவுகளை அகலத் திறந்துவைக்கலாம். காய்ச்சல் பரவும் காலத்தில் முகக்கவசம் அணிந்து பாடலாம். இது பயம் அல்ல, பிறன்மேல் உள்ள அன்பு.

7. நடுவில் நின்றவர்

எண்ணாகமம் 16-ம் அதிகாரத்தில் வாதை பாளயத்துக்குள் புகுந்தபோது ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஓடினார், மரித்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் இடையிலே நின்றார், வாதை நின்றது. அவர் முதியவர். அந்த ஜனம் முந்தின கணம்வரை அவருக்கு விரோதமாக முறுமுறுத்த ஜனம். ஆனாலும் அவர் நடந்துபோகவில்லை, ஓடினார் என்று வேதம் குறிப்பிடுகிறது.

1527-ல் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது, ஓடிப்போகலாமா என்று கேட்டவர்களுக்கு மார்ட்டின் லூத்தர் ஒரு பதில் எழுதினார். மருந்தை ஏற்றுக்கொள்வதும், வீட்டைச் சுத்திகரிப்பதும், தேவையற்ற இடங்களுக்குப் போகாதிருப்பதும் கடமை. ஆனால் அயலானுக்கு நாம் தேவைப்பட்டால் விலகிப்போகலாகாது என்பதே அதன் சாரம். முன்னெச்சரிக்கையும் தியாகமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஆயத்தமாயிருக்கிறவனால்தான் நடுவில் நிற்க முடியும்.

அன்பானவர்களே, நீங்கள் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் வெளிநாடுகளிலும் இருந்துகொண்டு இந்தக் கடற்கரைக்காக ஜெபிக்கிறீர்கள், கொடுக்கிறீர்கள். கொள்ளைநோய் பரவிக்கொண்டிருக்கும்போது, செய்தித்தாளில் படம் வரும்போது, காணிக்கைகளும் வரும், அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் எறும்பின் காணிக்கை கோடையில் வர வேண்டும். யாரும் நோயைப் பற்றிப் பேசாத ஆவணி மாதத்தில் கொடுக்கப்படும் ஒரு சிறு தொகை, கார்த்திகையில் வரும் பெருந்தொகையைவிட அதிக உயிர்களைக் காக்கும். ஏனென்றால் கார்த்திகையில் பணம் இருக்கும், பாதை இருக்காது.

அடுத்த கொள்ளைநோய் எந்த மாதத்தில் வரும் என்று எந்த மனுஷனும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாரிகாலம் எப்போது வரும் என்று மரக்காணத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரியாததைக் குறித்துக் கலங்காமல், தெரிந்ததற்கு ஆயத்தப்படுவோம். மேலங்கியை எடுத்துக்கொண்டு, மாரிகாலத்துக்கு முன்னே புறப்படுவோமாக.

சபைகளிலும் குடும்ப ஜெபத்திலும் கலந்து பேச:

1. நம் சபையில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறவர்கள் யார்? அவர்களுக்கு எந்தக் கதவு அடைபட்டிருக்கிறது?

2. 2021 ஜனவரியில் நாம் என்ன எண்ணினோம்? மே மாதத்தில் என்ன கற்றோம்?

3. நம் ஆலயத்தில் எத்தனை ஜன்னல்கள் திறக்கின்றன? எத்தனை ஆண்டுகளாகத் திறக்கவில்லை?

4. மழைக்குமுன் நம் சபை செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?

ஜெபக் குறிப்புகள்:

உப்பளத் தொழிலாளர், மீனவர் குடும்பங்கள் மழை மாதங்களில் பட்டினியின்றிக் காக்கப்பட ஜெபியுங்கள்.

புயல் இரவுகளிலும் பணிக்கு வரும் நம் சிஸ்டர்மார், ஆயாக்கள், ஓட்டுநர்கள், ஜெனரேட்டரைக் கவனிக்கும் சகோதரர்களுக்காக ஜெபியுங்கள்.

கொரோனா நாட்களில் அன்பானவர்களை இழந்து, இன்றும் துக்கத்தைச் சுமக்கும் குடும்பங்களின் ஆறுதலுக்காக ஜெபியுங்கள்.

மழைக்குமுன் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒருமுறையாவது நாங்கள் போய்வர ஜெபியுங்கள். சைக்கிளில் தள்ளிக்கொண்டு வரும்வரை காத்திராமல், நாங்களே அந்த வாசலில் போய் நிற்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.